மணைப் பலகையிலிருந்து தொடங்குவோம்
(இந்த மாதப் பாடம்: மரவேலையைப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்வது)



மந்தைவெளிப் பக்கம் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து, தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எழுந்திருக்கும் நேரத்தில் ஓர் உறுப்பினர் துணிப்பையிலிருந்து எதையோ எடுத்து நடுவில் வைத்தார். கைபட்டுக் கைபட்டு வழவழப்பான ஓர் இழைப்புளி.

"எங்க வூட்டுக்காரர் பொட்டி மேடம். அவர் போய் ஆறு வருஷம் ஆகுது. பரண்மேலயே கெடக்கு. பையன் பழைய இரும்புக் கடையில எடைக்குப் போட்டுடலாம்கிறான். போட்டுடட்டுமா?"

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார்: "ஏன், நீயே இழைச்சுப் பாரேன்?" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் சிரிக்கவில்லை. "அவரு இருக்கும்போது தொடவே வுட மாட்டாரு. தூசி தொடைக்கிறதோட சரி" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் இந்தப் பாடம் தொடங்கியது. பெட்டி எடைக்குப் போகவில்லை. கணவரோடு வேலை செய்த ஒரு வயதான ஆசாரி, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சொல்லித்தர ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் ஐந்து பேர் வந்தார்கள். நானும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

பாடத்தின் நோக்கம்

இதைப் படித்து முடித்ததும்,
1. மரத்தின் குணம் என்ன என்று நமக்குத் தெரிய வேண்டும்.
2. அதிகச் செலவில்லாமல், கைக்கருவிகளை வைத்து ஒரு மணைப் பலகை செய்யத் தெரிய வேண்டும்.
3. பொழுதுபோக்கு எது, தொழில் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். அதை நான் என் தவறிலிருந்து கற்றேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

நம் கூட்டங்களில் எதைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இதுல எவ்ளோ வரும்?" இப்படிக் கேட்கப் பழக்கியதே நம் போன்ற களப்பணியாளர்கள்தான். பயிற்சி என்றால் வருமானம், வருமானம் என்றால் கடன், கடன் என்றால் தவணை என்றே சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு பற்றிக் கேள்விப்பட்டு, அடையாறு பக்கத்துக் குழுவிலிருந்து ஓர் உறுப்பினர் ஆர்வத்தோடு வந்தார். இரண்டே வாரம்தான் ஆகியிருந்தது. "மிஷின் வாங்கினா சீக்கிரம் செஞ்சு விக்கலாம்" என்றார். நானும் யோசிக்காமல் ஊக்கம் கொடுத்தேன். குழுவில் 8,000 ரூபாய் உள்கடன் தீர்மானமானது. 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் வட்டி. மாதம் 800 ரூபாய் அசல் வீதம் பத்துத் தவணை.

மின்ரம்பமும் மின்சார இழைப்புளியும் வீட்டுக்கு வந்தன. அவர் இருப்பதோ அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒற்றை அறை வீடு. முதல் நாளே சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டிவிட்டார்கள். மரத்தூள் பாயிலும் சோற்றுப் பானையிலும் படிந்தது. செய்த இரண்டு பலகைகளை ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினார். மரத்துக்கு அவர் கொடுத்த காசுகூட அந்த விலையில் வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால், அசல் 8,000, வட்டி 440, ஆக 8,440 ரூபாய். இதைக் கட்ட அவர் மாலையில் இன்னொரு வீட்டில் சமையல் வேலைக்குப் போனார். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. ஒரு பெண்ணுக்குப் பிடித்த ஒரு காரியத்தை நான் அவசரப்பட்டுத் தொழிலாக்கப் பார்த்தேன். அது அவருக்குக் கடனாக முடிந்தது.

எனவே முதல் விதி: பொழுதுபோக்குக்குக் கடன் வாங்காதீர்கள். உள்கடனும் வேண்டாம், வங்கிக் கடனும் வேண்டாம்.

பொழுதுபோக்கு நமக்கு எதற்கு?

"வூட்டு வேலைக்கே நேரமில்ல, இதுல பொழுதுபோக்கா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டில் ஆண்களுக்கு டீக்கடைப் பேச்சு உண்டு, கேரம் போர்டு உண்டு. வாரத்தில் இரண்டு மணி நேரம் தனக்காக ஒதுக்கும் பெண்ணை மட்டும் ஏன் குற்றவாளி போலப் பார்க்க வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. பயிற்சி என்று வந்தால் நமக்குத் தையல், எம்பிராய்டரி, அழகுக்கலை. மரம், இரும்பு, மின்சாரம் எல்லாம் ஆண்களுக்கு. இந்தப் பிரிவினை நம் ஊரில் மட்டும் இருந்ததில்லை. 1866ஆம் ஆண்டிலேயே பின்லாந்து நாட்டில் கைவேலையைப் பள்ளிப் பாடமாக்கினார்கள். அங்கேயும் வெகு காலம் பையன்களுக்கு மரவேலை, பெண் பிள்ளைகளுக்குத் துணிவேலை என்றுதான் பிரித்து வைத்திருந்தார்கள். நம் நாட்டில் 1937இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, கைத்தொழில் வழியாகவே பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றார். நூற்பு, விவசாயத்தோடு தச்சு வேலையும் அதில் உண்டு.

பெண்களால் முடியுமா என்ற சந்தேகமே வேண்டாம். கேரளத்தில் கோட்டயம் மாவட்டம் ஏற்றுமானூரில் அர்ச்சனா மகளிர் மையம் என்ற அமைப்பு, பெண்களுக்குக் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொடுத்து, அதையே பிழைப்பாகச் செய்ய வைத்திருக்கிறது. முழுநேரத் தொழிலாகவே பெண்கள் செய்யும்போது, நம்மால் ஒரு மணை செய்ய முடியாதா?

முதல் படி: மரத்தைப் புரிந்துகொள்வோம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் வீட்டுக் கதவு இறுகிக்கொள்கிறதா? சித்திரை வெயிலில் அதே கதவு லேசாகத் திறக்கிறதா? மரவேலையின் பாதிப் பாடம் அதில் இருக்கிறது.

வெட்டிய பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். உறிஞ்சும்போது உப்பும், விடும்போது சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அல்ல. நீளவாக்கில் மாற்றம் தெரியவே தெரியாது. அகலவாக்கில்தான் கூடிக் குறையும். 10 அங்குல அகலமுள்ள பலகை, கோடைக்கும் மழைக்கும் நடுவே அரை நூலோ ஒரு நூலோ மாறலாம். (ஆசாரிகள் கணக்கில் 8 நூல் சேர்ந்தால் 1 அங்குலம்.) கடலோரமாக உள்ள மயிலாப்பூர், சாந்தோம், பெசன்ட் நகர் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும். எனவே இதை மறந்தால், ஆசையாகச் செய்த பொருள் அடுத்த கோடையில் வெடித்து நிற்கும்.

அடுத்தது மரத்தின் வாகு. பலகையை உற்றுப் பார்த்தால் நீளமாக ரேகைகள் ஓடும். அந்த ஓட்டத்தோடு இழைத்தால் பட்டுப்போல வரும். எதிராக இழைத்தால் சிராய் கிளம்பும். நொச்சிக்குப்பத்துத் தோழி ஒருவர் இதை அழகாகச் சொன்னார்: "மீனைத் தலையிலேர்ந்து வால்பக்கம் தடவினா வழுக்கும். வால்லேர்ந்து தலைப்பக்கம் தடவினா செதில் எழும்பும். அதே மாதிரிதானே?" அதே மாதிரிதான்.

அவர் பாட்டி காலத்தில் கட்டுமரம் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகப் போட்டுக் காய வைப்பார்களாம். ஊறின மரம் கனக்கும், காய்ந்த மரம்தான் மிதக்கும் என்பது படிக்காமலே தெரிந்த பாடம். அந்தக் குடும்பங்களில் பிறந்த நமக்கு மரம் ஒன்றும் புதிது அல்ல.

இரண்டாம் படி: மரம் எங்கே கிடைக்கும்?

புது மரம்: மரவாடியில் தேக்கு, வேங்கை என்று கேட்டால் கையைக் கடிக்கும். பழகுவதற்குத் தேக்கு தேவையே இல்லை. வேம்பு, வாகை, மா போன்ற நாட்டு மரங்கள் போதும். அளவை எழுதிக்கொண்டு போய், "வெட்டுத் துண்டு இருக்கா அண்ணே?" என்று கேளுங்கள். துண்டுகளை மலிவாகக் கொடுப்பார்கள்.

பழைய மரம்: தி.நகர் என்பது 1920களில் மயிலாப்பூரின் நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கிய பகுதி. அந்தக் காலத்து வீடுகளில் பர்மா தேக்கில் கதவும் சன்னலும் உத்திரமும் வைத்தார்கள். இப்போது அவற்றை இடித்து அடுக்குமாடி கட்டும்போது, அந்த மரங்கள் பழைய மரக் கடைகளுக்கு வருகின்றன. பல வருடம் காய்ந்த மரம் என்பதால் அவ்வளவாகக் கோணாது. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். உள்ளே ஆணி இருந்தால் ரம்பம் பாழாகும். குண்டூசித் துளைகளும், தட்டினால் மாவு போலத் தூளும் வந்தால் அது உளுத்த மரம். வீட்டுக்குள் கொண்டு வரவே வேண்டாம்.

பேக்கிங் மரம்: சரக்கு வரும் மரத்தட்டுகளைப் பிரித்தும் செய்யலாம். வெளிநாட்டுச் சரக்கு வந்த தட்டில் முத்திரை இருக்கும். ஆங்கிலத்தில் எச்.டி. என்று இருந்தால் சூடுபடுத்திப் பூச்சி நீக்கியது, பயன்படுத்தலாம். எம்.பி. என்று இருந்தால் நச்சுப் புகை காட்டியது, தொடாதீர்கள். எண்ணெயோ இரசாயனமோ சிந்திய கறை இருந்தாலும் வேண்டாம்.

விழுந்த மரம்: 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலில் நம் பகுதியில் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்று உங்களுக்கே நினைவிருக்கும். சாலை மரம் மாநகராட்சிக்குச் சொந்தமானது. அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. சொந்த வளாகத்தில் விழுந்த மரமாக இருந்தாலும் பச்சை மரத்தில் வேலை செய்ய முடியாது. பலகையாக அறுத்து, நடுவில் குச்சி வைத்து அடுக்கி, நிழலில் காய விட வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் என்பது பொதுக் கணக்கு. முனைகளில் பெயிண்ட் பூசிவிட்டால் வெடிப்பு குறையும்.

மூன்றாம் படி: கருவிகள்

தொடங்க இவ்வளவு போதும்:
- கைரம்பம் 1
- இழைப்புளி 1
- உளி 1 (முக்கால் அங்குலம்), கொட்டாப்புளி 1
- மூலைமட்டம், டேப், பென்சில்
- கை டிரில், திருப்புளி
- அரம், உப்புத்தாள்
- கவ்விப் பிடிக்கும் சி கிளாம்ப் 2
- தீட்டுக் கல்

இத்தனையையும் ஒருவரே வாங்க வேண்டாம். மந்தைவெளிக் குழுவில் செய்தது போல, குழுவுக்கு ஒரே பெட்டி வைத்துக்கொள்ளலாம். தீர்மானம் போட்டு, ஒரு கருவிப் பதிவேடு திறந்து, யார் எடுத்தார், எந்தத் தேதி, எப்போது திருப்பினார், முனை மழுங்காமல் வந்ததா என்று எழுதுங்கள். சேமிப்புப் பதிவேடு எழுதும் நமக்கு இது கஷ்டமா என்ன?

கருவி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கின அரிவாள்மணையில் காய் நறுக்கிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு நம் விரலைத்தான் தேடும். மழுங்கின உளியும் அப்படியே. அழுத்தம் கூடும், கை தவறும். கல்லில் எண்ணெய் விட்டு, சாய்ந்த முகம் முழுவதும் கல்லில் படும்படி வைத்து, ஒரே கோணத்தில் தீட்டப் பழகுங்கள். ஆசாரி எங்களுக்கு முதல் இரண்டு ஞாயிறும் தீட்ட மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார். அப்போது சலிப்பாக இருந்தது. இப்போது அருமை தெரிகிறது.

வேலை முடிந்ததும் இரும்பைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வையுங்கள். உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் துரு ஏறிவிடும்.

நான்காம் படி: மணைப் பலகை செய்வோம்

தேவை: பலகை ஒன்று (18 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 1 அங்குலக் கனம்). கீழே கொடுக்கச் சட்டம் இரண்டு (9 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 1 அங்குலக் கனம்). ஒன்றரை அங்குலத் திருகாணி ஆறு. அதற்கு மேல் நீளம் போனால், உட்காருகிற பக்கம் முனை எட்டிப் பார்க்கும்!

1. குறித்தல்: மூலைமட்டம் வைத்துக் கோடு போடுங்கள். தையல் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். துணி வெட்டும்போது தையலுக்கு விடுவது போல, இங்கே ரம்பத்துக்கு விட வேண்டும். ரம்பப் பல் தன் அகலத்துக்கு மரத்தைத் தின்றுவிடும். எனவே கோட்டின் மேல் அறுக்காமல், கழிகிற பக்கமாக ஒட்டி அறுங்கள்.

2. அறுத்தல்: பலகையை ஸ்டூலில் வைத்துக் கிளாம்ப் போடுங்கள். நம் ஊர்க் கைரம்பம் தள்ளும்போதுதான் அறுக்கும். இழுக்கும்போது அழுத்தாதீர்கள். முழங்கை ரம்பத்தோடு நேர்கோட்டில் போய் வரட்டும். கடைசி ஓர் அங்குலத்தில் மெதுவாக. அவசரப்பட்டால் மூலை பிய்ந்து வரும்.

3. இழைத்தல்: வாகு பார்த்து இழையுங்கள். சுருள் மெல்லிசாக வந்தால் சரி. தூளாக வந்தாலோ, மரம் பிய்ந்தாலோ, பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து இழையுங்கள்.

4. துளையிடுதல்: கீழ்ச்சட்டங்களைப் பலகையின் இரு முனையிலிருந்தும் 3 அங்குலம் உள்ளே தள்ளி, குறுக்காக வையுங்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் மூன்று திருகாணி. நடுத்துளை திருகாணிக்குச் சரியாக இருக்கட்டும். ஓரத்து இரண்டு துளைகளையும் சட்டத்தில் மட்டும் ஒரு சுற்றுப் பெரிதாகப் போடுங்கள். திருகாணித் தலை உள்ளே அமர ஆழமில்லாத குழியும் எடுங்கள். பலகையில் சிறு துளையாகப் போட்டு, முனை வெளியே வராமல் நிறுத்துங்கள்.

5. இணைத்தல்: திருகாணி மட்டும் போதும். இந்த இடத்தில் ஃபெவிகால் போடவே கூடாது. ஏன்? பலகை அகலவாக்கில் உப்பிச் சுருங்கும் என்று பார்த்தோம். குறுக்குச் சட்டமோ நீளவாக்கில் மாறாது. இரண்டையும் பசை போட்டு ஒட்டிவிட்டால், பலகை அசைய வழியில்லாமல் நடுவில் வெடிக்கும். நடுத் திருகாணி பிடித்துக்கொள்ளும். ஓரத் துளையில் உள்ள இடைவெளி பலகைக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும்.

(இதை ஆசாரி சொன்னபோது ஓர் அக்கா, "நல்லாக் கெட்டியாப் பிடிச்சுக்கணும், ஆனா நெருக்கக் கூடாது. இது குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சொல்றாரு" என்றார்!)

6. மெருகு: 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 120, 220 என்று போங்கள். எண் கூடக் கூட நைசு. எப்போதும் வாகோடு தேயுங்கள். ஓரக் கூர்மையைத் தேய்த்துவிடுங்கள், குழந்தைகள் உட்காருவார்கள். பிறகு வார்னிஷோ ஆளிவிதை எண்ணெயோ மெல்லிசாகப் பூசலாம்.

எங்கள் ஐந்து பேரின் முதல் மணையும் லேசாக ஆடியது. தரையில் வைத்துப் பார்த்து, உயரமான சட்டத்தை இழைத்துச் சரி செய்தோம். முதல் தோசை வட்டமாக வருமா? அது போலத்தான்.

கவனம்! கவனம்!

- முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். வளையல், மோதிரம் வேண்டாம். கூந்தலை முடிந்துகொள்ளுங்கள்.
- உளி வெட்டும் திசையில் உங்கள் இன்னொரு கை இருக்கக் கூடாது. மரத்தைக் கிளாம்ப் பிடிக்கட்டும், கை பிடிக்க வேண்டாம்.
- மரத்தூளைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். பல வருடம் சுவாசித்தால் மூக்குப் பகுதியில் புற்றுநோய் வரக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்திருக்கிறது. முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமுள்ள மாடியிலோ திறந்த இடத்திலோ வேலை செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.
- ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்து வெளியில் காயப்போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள். சின்ன வீடுகளில் இது மிக முக்கியம்.
- வேலை முடிந்ததும் பெட்டியைப் பூட்டுங்கள். உளி குழந்தை கைக்குப் போகக் கூடாது.

விற்கலாமா?

விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவசரம் வேண்டாம் என்கிறேன். பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரின் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகச் செய்த கைகள் அவை. நாம் மூன்று மாதத்தில் கடை போட நினைக்கலாமா?

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு மணைக்கு மரமும் திருகாணியும் சேர்த்து 300 ரூபாய், நேரம் 6 மணி என்று வைத்துக்கொள்வோம். 400 ரூபாய்க்கு விற்றால் மீதி 100. ஒரு மணி நேரக் கூலி 17 ரூபாய்கூட வரவில்லை! இதைத் தொழில் என்று சொன்னால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். ஆனால் உங்கள் வீட்டில் பாட்டி உட்கார ஒரு மணை, பேரனுக்குப் பொம்மை வண்டி, நவராத்திரிக்கு மூன்று படிக் கொலு என்று செய்தால், அதற்கு நட்டக் கணக்கே கிடையாது.

கை நன்றாகப் பழகி, கேட்டு வாங்குகிறவர்கள் வந்த பிறகு, தொழிலாக்க நினைத்தால் வழி இருக்கிறது. தமிழக அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மரவேலையும் சேர்ந்திருக்கிறது. 35 வயது நிறைந்தவர்களுக்கு மானியத்தோடு கடன் தரும் திட்டம் அது. மாவட்டத் தொழில் மையத்தில் இப்போதைய விதிமுறைகளை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். அதுவரை கருவி குழுவுடையது, நேரம் உங்களுடையது, கடன் யாருக்கும் இல்லை.

அந்த அடையாறு தோழி என்ன ஆனார்?

ஊக்குநரும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். "தப்பு உங்களோடது இல்ல, அவசரப்படுத்தினது நான்தான்" என்று நேராகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கடன் கட்டிடுவேன் மேடம். ஆனா அந்த இழைக்கிற வேலை எனக்குப் புடிச்சிருந்துச்சு. அதை வுட்டுடணுமோன்னுதான் அழுகை வந்துச்சு" என்றார்.

விட வேண்டியதில்லை என்றோம். மின்சாரக் கருவிகளைத் தெரிந்த ஒரு தச்சருக்கு விற்று, கிடைத்ததைத் தவணையில் கட்டினார். மீதியையும் கட்டி முடித்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கையால் இழைக்கிறார். பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்படுவதில்லை. கூட்டத்துக்கு வரும்போது தன் மணையைத் தானே எடுத்து வருகிறார். யார் கேட்டாலும் விற்பதில்லை!

மந்தைவெளித் தோழியின் மகன் போன மாதம் ஒரு நாள் சீக்கிரம் வீடு திரும்பி, அம்மா இழைப்பதைப் பார்த்துவிட்டு, "அப்பா இந்தக் கைய இப்படித்தாம்மா வெப்பாரு" என்று திருத்தினானாம். அம்மா அவன் கையிலேயே இழைப்புளியைக் கொடுத்துவிட்டார்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் வாரத்தில் தனக்கென எத்தனை மணி நேரம் வைத்திருக்கிறார்? சொல்லச் சொல்லி எழுதுங்கள்.
2. வீட்டில் நாம் தொடக் கூடாது என்று வைத்திருக்கும் பொருள்கள் என்னென்ன? ஏன்?
3. பழகாத வேலைக்குக் கடன் கேட்டு ஓர் உறுப்பினர் வந்தால், குழு என்னென்ன கேள்விகள் கேட்க வேண்டும்?
4. மணையில் கீழ்ச்சட்டத்துக்கு ஏன் பசை போடவில்லை? படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் புரியும்படி ஒருவர் விளக்குங்கள்.
5. உங்கள் தெருவில் சொல்லித்தரக்கூடிய வயதான ஆசாரி யாராவது இருக்கிறாரா? அவர் நேரத்துக்குக் குழு என்ன மரியாதை செய்யும்?

நீங்கள் செய்த முதல் மணை ஆடினாலும் பரவாயில்லை, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்தே சரி செய்வோம். அடுத்த பாடத்தில் மூன்று படிக் கொலு செய்வதைப் பார்ப்போம். அதுவரை, உளியைத் தீட்டி வையுங்கள்!

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்